‘பரவாயில்லை’ என்றால் எவ்வளவு?

மனநலப் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அலைமோதுகிற நாளில், ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். “எப்படி இருக்கார்?” என்று மருத்துவர் கேட்பார். கூட வந்திருக்கும் அம்மா, “பரவாயில்லைங்க டாக்டர்” என்பார். சரி, அதே மாத்திரை தொடரட்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார். அடுத்த டோக்கன்.

அந்தப் ‘பரவாயில்லை’க்குள் என்னென்னவோ இருக்கும். ராத்திரி தூங்குகிறான், யாரோ திட்டுவது போலக் கேட்டுக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது, பக்கத்து வீட்டுக்காரரோடு இப்போது வம்பு இல்லை என்பது ஒரு பரவாயில்லை. மூன்று நாளாகக் குளிக்கவில்லை, ஆனால் நாலு தடவை சொன்னால் குளித்துவிடுவான் என்பது இன்னொரு பரவாயில்லை. வேலைக்கு அனுப்புகிற நினைப்பையே நாங்கள் விட்டுவிட்டோம், அதனால் வீட்டில் இப்போது சண்டை இல்லை என்பதும் பரவாயில்லைதான். மனச்சிதைவு நோயோடு வாழ்கிறவர்களின் சமூகச் செயல்பாட்டை அளப்பது என்று மனநலத் துறையில் சொல்கிறார்களே, அது இந்த ஒரு சொல்லைப் பிரித்துப் போட்டு உள்ளே இருப்பதை எண்ணுகிற வேலை.

மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இல்லாத குரல் கேட்பதும், யாரோ தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று நம்புவதும்தான். இவற்றுக்கு ‘பாசிட்டிவ்’ அறிகுறிகள் என்று பெயர். நல்ல அறிகுறிகள் என்று அர்த்தமில்லை. இயல்பாக இருக்கக் கூடாத ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதேபோல, இருக்க வேண்டிய ஒன்று குறைந்து போனால் ‘நெகட்டிவ்’ அறிகுறி. ஆர்வம் வற்றுவது, பேச்சு சுருங்குவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, எதையும் தானாகத் தொடங்கத் தோன்றாமல் இருப்பது எல்லாம் இந்த வகை. இவற்றோடு கவனம், ஞாபகம், திட்டமிடுதல் போன்ற மூளைத்திறன்களிலும் சரிவு வருவதுண்டு.

மாத்திரைகள் பெரும்பாலும் முதல் வகையைத்தான் நன்றாக அடக்குகின்றன. அன்றாட வாழ்க்கையைப் பிடித்து இழுப்பதோ பெரும்பாலும் மற்ற இரண்டும். குரல் நின்ற பிறகும் ஒருவர் கட்டிலை விட்டு இறங்காமல் இருப்பது இதனால்தான். ‘குணமாயிட்டான்னு சொல்றாங்க, ஆனா பழைய ஆளா இல்லையே’ என்று வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சுக்கும் இதுதான் காரணம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடும் இதைக் கவனத்தில் கொள்கிறது. குரலும் சந்தேகமும் மட்டும் போதாது. வேலை, உறவு, தன்னைக் கவனித்துக்கொள்வது ஆகியவற்றில் ஒன்றிலாவது முன்பிருந்த நிலையிலிருந்து நன்றாகச் சரிந்திருக்க வேண்டும் என்கிறது. ஆக, நோய் என்று பெயர் வைக்கும்போதே செயல்பாடு கணக்கில் வந்துவிடுகிறது. அதை எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கலெல்லாம்.

ஒருவரை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். செந்தில் என்று பெயர் வைத்துக்கொள்வோம், கற்பனை ஆள்தான். வயது 34, நோய் வந்து 12 வருடம். அம்மாவோடு இருக்கிறார். அக்கா கல்யாணமாகி வேறு ஊரில். மனநல சமூகப் பணியாளர் ஒருவர் அளவுகோல் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறார்.

“காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க, செந்தில்?”

“பால் வாங்கிட்டு வருவேன்.”

“நீங்களா கிளம்புவீங்களா, அம்மா சொல்லணுமா?”

அம்மா குறுக்கே வருகிறார். “காசைக் கையில கொடுத்து, போய்ட்டு வாடான்னா போவான். சொல்லலைன்னா கட்டில்லயே உக்காந்திருப்பான்.”

“மீதிச் சில்லறை?”

“ஒரு ரூபா குறையாதுங்க. அப்படியே கொண்டுவந்து கொடுத்துடுவான்.”

“கடைக்காரர்கிட்ட ஏதாவது பேசுவீங்களா, செந்தில்?”

“என்ன பேசணும்?”

“சரி. காபி போடத் தெரியுமா?”

“தெரியும். ஹாஸ்டல்ல நான்தான் எல்லாருக்கும் போடுவேன்.”

“வீட்டுல?”

“அடுப்புகிட்ட நான் விடறதில்லைங்க,” என்கிறார் அம்மா.

இந்த ஒரு நிமிடப் பேச்சில் எத்தனை விஷயம் வந்துவிட்டது பாருங்கள். பணக் கணக்கு சரியாக இருக்கிறது. தெருவில் தனியாகப் போய்வர முடிகிறது. தானாகத் தொடங்குவதில்தான் இடிக்கிறது. வெளியாட்களோடு பேச்சு கிட்டத்தட்ட இல்லை. காபி விஷயம்தான் இதில் முக்கியம். போடத் தெரியும், போடுவதில்லை. போடாததற்குக் காரணம் நோயா, அம்மாவின் பயமா? ‘சமையல் வேலை செய்கிறாரா?’ என்று மட்டும் கேட்கிற படிவத்தில் ‘இல்லை’ என்று ஒரு டிக் விழும். அந்த டிக் யாரைப் பற்றியது என்பது படிவத்தில் எங்கேயும் இருக்காது.

இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பார்த்த அளவுகோல் ஒன்று இங்கிலாந்தில் உருவானது. மேக்ஸ் பர்ச்வுட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990இல் வெளியிட்ட சோஷியல் ஃபங்ஷனிங் ஸ்கேல். ஏழு பகுதிகள் அதில். ஒதுங்கி இருப்பது, மற்றவர்களோடு பழகுவது, நாலு பேர் கூடுகிற இடங்களுக்குப் போவது, பொழுதுபோக்கு, வேலை ஆகியவை ஐந்து. மீதி இரண்டும் ‘சுயமாக வாழ்வது’ என்ற ஒரே விஷயத்தைப் பற்றியவை. அதை வேண்டுமென்றே இரண்டாக உடைத்து வைத்தார்கள்: செய்ய முடிகிறதா என்பது ஒன்று, உண்மையில் செய்கிறாரா என்பது இன்னொன்று. செந்திலுக்கு முதலாவதில் மதிப்பெண் ஏறும், இரண்டாவதில் இறங்கும். அந்த இடைவெளியைப் பார்த்ததும் சிகிச்சைக் குழு கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. ‘இவருக்குக் காபி போடக் கற்றுக்கொடுக்கலாமா?’ என்று யோசிக்க மாட்டார்கள். அம்மாவைச் சமையலறைக்கு வெளியே பத்து நிமிடம் உட்கார வைப்பது எப்படி என்று யோசிப்பார்கள். குடும்பங்களோடு சேர்ந்து சிகிச்சை செய்கிறவர்களுக்கு உதவத்தான் அந்த அளவுகோலே உருவானது என்பதால் இந்தப் பிரிப்பு அதில் வந்ததில் ஆச்சரியமில்லை.

‘முடியுமா’ என்பதை வாய்வார்த்தையாகக் கேட்காமல் செய்ய வைத்தே பார்த்துவிடலாம் என்று இன்னொரு வழியும் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உருவாகி 2001இல் வெளிவந்த அப்ஸா என்ற சோதனை அப்படிப்பட்டது. மேசையில் நாணயங்களும் நோட்டுகளும் வைத்து, இவ்வளவு எண்ணிக் கொடுங்கள் என்பார்கள். ஒரு கட்டண ரசீதைக் காட்டி, எவ்வளவு கட்ட வேண்டும், செக் எழுதுங்கள் என்பார்கள். இணைப்பில்லாத ஒரு போனைக் கொடுத்து, மருத்துவமனையை அழைத்து அப்பாயின்ட்மென்ட்டை மாற்றுவது போல நடித்துக் காட்டச் சொல்வார்கள். பஸ் வழித்தடம் பார்ப்பது, வெளியே ஒரு நாள் போய்வரத் திட்டமிடுவது எல்லாம் உண்டு. மொத்தம் 100 மதிப்பெண். பணமும் போன் பேச்சும் மட்டும் உள்ள சின்ன வடிவமும் வந்துவிட்டது. மூளைத்திறனை மேம்படுத்தும் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் இதற்கு நல்ல கிராக்கி, ஏனென்றால் ஞாபகசக்தித் தேர்வில் நாலு மதிப்பெண் கூடியதை வைத்து மட்டும் வாழ்க்கை மேம்பட்டது என்று சொல்லிவிட முடியாது.

நல்ல சோதனைதான். ஆனால் நம் ஊரில் மனநோய் எதுவும் இல்லாத பட்டதாரிகளிலேயே எத்தனை பேர் இன்றைக்கு செக் எழுதுவார்கள்? அதோடு, சோதனை அறையில் ஒருவர் தூண்டுகிறார், நேரம் ஒதுக்குகிறார், நாம் செய்து முடிக்கும்வரை காத்திருக்கிறார். வீட்டில் தூண்ட ஆளில்லாத பகல் பன்னிரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று இது சொல்லாது.

இனி எண்ணுக்கு வருவோம். மருத்துவமனைகளில் நீளமான கேள்விப் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமிருக்காது. அதனால் ஒரே எண்ணில் சொல்லிவிடுகிற அளவுகோல்களுக்குத்தான் எப்போதும் மவுசு. நெடுங்காலம் ஆட்சி செய்தது காஃப் என்கிற அளவுகோல். 1 முதல் 100 வரை ஒரு எண். அதன் கோளாறு என்னவென்றால், அறிகுறியும் செயல்பாடும் அதில் ஒரே ஏணியில் கலந்து கிடந்தன. குரல் கேட்டுக்கொண்டே கடையில் கணக்கு எழுதப் போகிறவர் இருக்கிறார்; குரலே இல்லாமல் கட்டிலில் படுத்திருக்கிறவரும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே எண் விழுந்தால் அந்த எண்ணை வைத்து யாருக்கு என்ன செய்வது? 2013இல் வந்த அமெரிக்க நோயறிதல் கையேட்டில் காஃபைக் கைவிட்டார்கள். அந்த இடத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் படிவத்தைப் பரிந்துரைத்தார்கள். 36 கேள்வி, கடந்த 30 நாட்களைப் பற்றி.

அறிகுறியைப் பிரித்துவிட்டுச் செயல்பாட்டை மட்டும் பார்க்கிற பிஎஸ்பி என்ற அளவுகோலை இத்தாலியில் மொரோசினி குழுவினர் 2000இல் வெளியிட்டார்கள். இன்று ஆய்வுகளில் நிறையப் பார்க்கக் கிடைப்பது இது. நான்கு பகுதிகள்தான். வேலை, படிப்பு போன்ற பயனுள்ள செயல்கள், உறவுகள், தன்னைக் கவனித்துக்கொள்வது, தொந்தரவான அல்லது முரட்டுத்தனமான நடத்தை. ஒவ்வொன்றிலும் சிரமம் இல்லை, லேசு, கண்ணுக்குத் தெரிகிறது, அதிகம், கடுமை, மிகக் கடுமை என்று ஆறு படிகள். நான்கையும் வைத்து 100க்கு ஒரு எண். 71ஓ அதற்கு மேலோ இருந்தால் சிரமம் லேசுதான். 30ஐத் தொட்டுவிட்டால் நெருக்கமான உதவியோ கண்காணிப்போ இல்லாமல் முடியாது என்று பொருள்.

செந்திலுக்குப் போட்டுப் பார்க்கலாம். முரட்டுத்தனம் இல்லை. குளியல், உடை எல்லாம் சொன்னால் நடக்கிறது, லேசு என்று வைக்கலாம். அக்கா வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார், நண்பர் என்று ஒருவரும் இல்லை. உறவில் சிரமம் ‘அதிகம்’. வேலை? பால் வாங்குவதோடு சரி. இதை ஒரு மதிப்பீட்டாளர் ‘அதிகம்’ என்று போட்டால் இரண்டு பகுதிகளில் ‘அதிகம்’ ஆகிறது, செந்தில் 41–50 கட்டத்தில் வருவார். இன்னொருவர் வேலையை மட்டும் ‘கடுமை’ என்று போட்டால் 31–40க்கு இறங்கிவிடுவார். ஒரு சொல்லில் கருத்து வேறுபாடு, பத்து மதிப்பெண் போய்விட்டது. மதிப்பிடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரே நோயாளியை இருவர் தனித்தனியாக அளந்தால் ஒரே எண் வருகிறதா என்று ஆய்வுகளில் சோதிப்பது இதனால்தான். அந்தச் சோதனை நடக்காத இடத்திலிருந்து வருகிற எண்ணை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை. அறிக்கையில் எண்ணைப் பார்த்ததும் மகிழவோ கலங்கவோ வேண்டாம், எந்த அளவுகோல் என்று முதலில் பாருங்கள். பிஎஸ்பியில் எண் ஏறினால் நல்லது. ஹூடாஸில் ஏறினால் சிரமம் கூடியிருக்கிறது.

யாரைக் கேட்பது என்பது அடுத்த தலைவலி. நோயாளியையே கேட்டால், தன் நிலையைத் தானே உணர்வதில் நோய் கை வைத்திருக்கும். எல்லாம் சரியாகச் செய்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். மனச்சோர்வும் சேர்ந்துகொண்டவர்கள் எதுவுமே முடியவில்லை என்பார்கள். குடும்பத்தைக் கேட்டாலும் லேசில் தீராது. தினமும் கூட இருக்கிற அம்மா சொல்வதும், மாதத்துக்கு ஒருமுறை போனில் பேசுகிற அக்கா “அவன் நல்லாத்தானே பேசறான்” என்பதும் ஒரே ஆளைப் பற்றித்தான் என்று நம்புவதே கஷ்டம். வரன் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில் எல்லாமே நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள். ஊனச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிற வீட்டில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். குறை சொல்வதற்கில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். அடிக்கடி பார்க்கிற சமூகப் பணியாளரோ மறுவாழ்வு மையத்தின் பயிற்சியாளரோ சொல்வதையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் படம் ஓரளவு தெளிகிறது.

அப்புறம் ஊர். நான் மேலே பாராட்டிய இங்கிலாந்து அளவுகோலிலேயே, நாலு பேர் கூடுகிற இடங்களின் பட்டியலில் பப் உண்டு, டிஸ்கோ உண்டு. மயிலாப்பூர் மாமி ஒருவரிடம் ‘கடந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை பப்புக்குப் போனீர்கள்?’ என்று கேட்டு, பூஜ்யம் போட்டு, ஒதுங்கி வாழ்கிறார் என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? அவருக்குக் கேட்க வேண்டியது வேறு. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாரா, போனவர் பந்தியில் உட்கார்ந்தாரா, அல்லது தாம்பூலப் பை வாங்குமுன்னே கிளம்பிவிட்டாரா? துக்க வீட்டுக்குப் போய் வந்தாரா? வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகிற வழக்கம் நின்றுபோனது எப்போது?

இந்த விஷயத்தில் சென்னைக்குச் சொந்தமாக ஒரு அத்தியாயம் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்த ஆய்வாளர்கள் 1995இல் தங்களுக்கென்று ஒரு சமூகச் செயல்பாட்டு அளவுகோலை வெளியிட்டார்கள். தன்னைக் கவனித்துக்கொள்வது, தொழில், குடும்பத்தில் வகிக்கும் பங்கு, பிற சமூகப் பங்குகள் என்று நான்கு தலைப்புகள். குடும்பப் பங்குக்குத் தனித் தலைப்பு கொடுத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சம்பளம் இல்லாமல், ஆனால் தம்பி பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வந்து, ரேஷன் கடை வரிசையில் நின்று, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஒருவர் நம் வீடுகளில் ஒரு பாரத்தைத் தூக்குகிறார். வேலை என்றால் சம்பளம் என்று மட்டும் பார்க்கிற படிவத்தில் அவர் காணாமல் போய்விடுவார்.

பெண்கள் விஷயத்தில் இது தலைகீழாகவும் நடக்கும். வேலைக்குப் போகாத இளைஞன் ஆறே மாதத்தில் தெருவுக்கே தெரிந்துவிடுவான். வீட்டோடு இருக்கிற பெண் யாரோடும் பேசாமல், சமைத்துக் கொட்டிவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தால், ‘அடக்கமான பொண்ணு’ என்ற பேர்தான் கிடைக்கும். கணக்கில் வர வேண்டிய சிரமம் நல்ல குணம் என்று ஆகிவிடுகிறது.

இந்தியாவில் இந்த அளவீடு நேரடியாகப் பணத்தையும் உரிமையையும் தொடுவது ஐடியாஸ் என்ற அளவுகோலில். இந்திய மனநல மருத்துவச் சங்கம் உருவாக்கி 2002இல் அரசு ஏற்றது. தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. வேலைப் பகுதியில் சம்பளத்துக்குப் போகிறவர், இல்லத்தரசி, மாணவர் என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இதோடு நோயின் காலத்துக்கும் 1 முதல் 4 வரை புள்ளி உண்டு. மொத்தம் 20. கூட்டுத்தொகை 7 வந்தால் 40 சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி பெரும்பாலான சலுகைகளுக்கும் இந்த 40தான் வாசல்.

கணக்கைக் கவனியுங்கள். இருவர் நான்கு பகுதிகளிலும் கூட்டி 5 புள்ளி எடுக்கிறார்கள். ஒருவருக்கு நோயின் காலத்துக்கு 4, மொத்தம் 9, வாசலைத் தாண்டிவிட்டார். இன்னொருவருக்குக் காலத்துக்கு 1, மொத்தம் 6, வெளியே நிற்கிறார். இன்றைய சிரமம் இருவருக்கும் ஒன்றுதான். நீண்ட நோய் குடும்பத்தைக் கரைத்துவிடும் என்ற நியாயம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேலையை இழந்த புதிதில் கைகொடுத்தால் ஒருவேளை மீண்டுவிடக்கூடிய ஆள் வெளியே நிற்கிறவர்தானே? அதோடு, மறுவாழ்வு மையத்துக்குப் போய்த் தேறியவர் மறுமதிப்பீட்டில் 6க்கு இறங்கினால் சான்றிதழைத் தாங்கிப் பிடித்திருந்த எண்ணே போய்விடும் என்ற பயம் குடும்பங்களுக்கு உண்டு. ‘ரொம்ப நல்லா இருக்கான்னு அங்க போய்ச் சொல்லிடாதே’ என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவருவார்கள். அளவுகோல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் பயத்தை அது அளப்பதில்லை.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படியொரு மதிப்பீடு நடக்கப் போகிறது என்றால், நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான். போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ‘நன்றாக இருந்தான்’, ‘சரியில்லை’ என்று எழுதாதீர்கள். என்ன செய்தார், யார் சொல்லிச் செய்தார், எவ்வளவு நேரம், கூட யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். செந்திலின் அம்மா எழுதினால் இப்படி இருக்கும்:

திங்கள்: சொல்லாமலே குளித்தான். சட்டை மாற்றவில்லை.

செவ்வாய்: பால் வாங்கப் போனவன் அரை மணி நேரம் கழித்து வந்தான். கேட்டால், கடை டிவியில் ஆஸ்திரேலியா மேட்ச் ஓடியது, நின்று பார்த்தேன் என்றான்.

புதன்: நாள் முழுக்கப் படுத்திருந்தான்.

வியாழன்: அக்கா போன் செய்தபோது வாங்கி, ‘பாப்பா ஸ்கூலுக்குப் போறாளா’ என்று கேட்டான். அதற்கு மேல் பேசவில்லை.

வெள்ளி: காபி போட்டான். சர்க்கரை அதிகம். நான் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.